ஏ.சி. குளிரவில்லையா? கேஸ் நிரப்பும் முன் 'டிக் டிக்' ஒலியைக் கேளுங்கள்

வணிகப் பெருமக்களுக்கு வண்டி இன்று கடையின் ஓர் அங்கமாகிவிட்டது. விடியற்காலையில் மொத்தச் சந்தைக்குப் போவதும், வசூலுக்கு வெளியூர் செல்வதும், நாலு பேர் சேர்ந்து சங்கக் கூட்டத்துக்கு வருவதும் காரில்தான். கடைக்கு வரும் சரக்கை மாதிரி பார்த்து, எடை போட்டு, விலை பேசி வாங்கும் நாம், வண்டி ரிப்பேர் என்று வந்துவிட்டால் மட்டும் கேட்ட தொகையை எண்ணி வைத்துவிட்டு வருகிறோம். அதிலும் ஏ.சி. பழுது என்றால் சொல்லவே வேண்டாம். "கேஸ் இறங்கிப்போச்சு" என்பார்கள், நிரப்புவோம். பிறகும் சூடான காற்றுதான் வரும். "அப்படின்னா கம்ப்ரசர்தான்" என்பார்கள். அதையும் மாற்றுவோம். பணம் போகும், சூடு போகாது.

இத்தகைய வீண் செலவுகளில் ஒரு பகுதிக்குக் காரணம், டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. 'பிளெண்டு டோர் ஆக்சுவேட்டர்' என்பது அதன் பெயர். பெயர்தான் பெரிது, வேலை எளிது. அதைத் தெரிந்துகொள்வது நம் கல்லாவுக்கு நல்லது.

விளாவும் கதவு

குளிக்கும்போது வெந்நீரில் பச்சைத் தண்ணீர் விட்டுப் பதமாக விளாவிக்கொள்கிறோம் அல்லவா? காருக்குள்ளும் நடப்பது அதுதான். விசிறி தள்ளும் காற்று முதலில் ஏ.சி.யின் குளிர்ச் சுருளைக் கடந்து வருகிறது. அதற்கு அடுத்து ஹீட்டர் சுருள் இருக்கிறது. எஞ்சினைச் சுற்றி வந்து சுமார் 90 டிகிரி வரை சூடேறிய கூலன்ட் தண்ணீர் அதற்குள் ஓடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு கதவு உண்டு. அது ஒரு பக்கம் சாய்ந்தால் குளிர்ந்த காற்று அப்படியே நம்மிடம் வரும். மறுபக்கம் சாய்ந்தால் ஹீட்டர் வழியாகச் சூடாகி வரும். நடுவில் நின்றால் இரண்டும் கலந்து வரும். இதுதான் பிளெண்டு டோர், அதாவது விளாவும் கதவு.

பழைய மாருதி 800 போன்ற வண்டிகளில் லீவரை நகர்த்தினால் ஒரு கம்பி இழுத்து இந்தக் கதவைத் திருப்பும். பட்டனை அழுத்தி 22, 24 என்று டிகிரி வைக்கும் ஆட்டோமேட்டிக் ஏ.சி. கார்களில் அந்த வேலையை ஆக்சுவேட்டர் செய்கிறது. உள்ளே ஒரு சின்ன மோட்டார், நாலைந்து பிளாஸ்டிக் பல்சக்கரங்கள், கதவு எங்கே நிற்கிறது என்று தகவல் சொல்லும் ஒரு சிறு உறுப்பு. அவ்வளவுதான். நாளாக ஆக, பல்சக்கரத்தின் ஒரு பல் உடைந்தாலும் கதவு சொன்னபடி கேட்காது. கதவு சூட்டுப் பக்கம் சிக்கிக்கொண்டால், கம்ப்ரசர் எவ்வளவு நன்றாக உழைத்தாலும் காற்று சூடாகவே வரும்.

அடையாளங்கள்

ஒன்று: சாவி திருப்பியதும், அல்லது குளிர் அளவை மாற்றியதும், டேஷ்போர்டுக்குள் 'டிக், டிக், டிக்' என்று சில விநாடிகள் ஒலி வரும். உடைந்த பல் வழுக்கும் ஒலி அது. மோட்டாரே நின்றுபோயிருந்தால் ஒலியே இருக்காது என்பதையும் கவனிக்க வேண்டும்.

இரண்டு: அளவை 18-இல் வைத்தாலும் 28-இல் வைத்தாலும் ஒரே மாதிரிக் காற்று வரும்.

மூன்று: டிரைவருக்குச் சூடும் பக்கத்து இருக்கைக்குக் குளிரும் வரும். இரு பக்கமும் தனித்தனியே அளவு வைக்கும் கார்களில் கதவும் ஆக்சுவேட்டரும் இரண்டிரண்டு. அவற்றில் ஒன்று பழுதாகியிருக்கலாம். ஆனால் கேஸ் குறைந்தாலும் சில வண்டிகளில் இப்படி வரும். ஆகையால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

காசு கொடுக்கும் முன் சோதனை

எஞ்சினை ஓட்டி, ஏ.சி.யை முழுக் குளிரில் வைத்து ஐந்து நிமிடம் விடச் சொல்லுங்கள். பானெட்டைத் திறந்து, டேஷ்போர்டுக்குள் நுழையும் இரண்டு ஏ.சி. குழாய்களில் பருமனானதை மெக்கானிக்கைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அது நன்றாகச் சில்லென்று இருந்தும் உள்ளே சூடான காற்று வந்தால், கேஸ் மீதும் கம்ப்ரசர் மீதும் பழி போட வேண்டியதில்லை. குளிர் உற்பத்தியாகிறது, விளாவும் இடத்தில்தான் கோளாறு. விசிறியும் பெல்ட்டும் சுற்றிக்கொண்டிருக்கும்போது வேட்டி நுனியோ தோள் துண்டோ அருகில் போகாமல் தள்ளி நின்று பார்ப்பது உத்தமம்.

மலைப் பகுதி அன்பர்களுக்கு இதன் மறுபக்கம்: ஹீட்டர் போட்டும் சூடு வரவில்லை என்பது. முதலில் எஞ்சின் ஆறிய நிலையில் கூலன்ட் அளவைப் பார்க்க வேண்டும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. பிறகு எஞ்சின் சூடேறியதும் ஹீட்டருக்குப் போகும் இரண்டு ரப்பர் குழாய்களையும் தொட்டுப் பார்க்கலாம். இரண்டும் சூடாக இருந்தால் தண்ணீர் ஓட்டம் சரி; சந்தேகம் கதவின் மேல்தான். ஒன்று சூடு, ஒன்று குளிர்ச்சி என்றால் ஹீட்டர் சுருள் அடைத்திருக்கலாம். சில வண்டிகளில் தண்ணீரை நிறுத்தும் வால்வு திறக்காமல் இருக்கலாம்.

கேஸ் பற்றியும் ஒரு வார்த்தை. அது பெட்ரோல் போல எரிந்து தீரும் பொருள் இல்லை. குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். டின்னில் எண்ணெய் குறைந்தால் முதலில் ஓட்டையைத்தானே தேடுவோம்? வருடா வருடம் கேஸ் நிரப்புவதை வழக்கமாக வைத்திருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மாற்றும் முறை

ஒலி கேட்டதும் புதிய உறுப்பு வாங்கத் தேவையில்லை. பேட்டரி கழற்றி மாட்டிய பிறகு, கதவின் இரு எல்லைகளும் எங்கே என்பதைக் கண்ட்ரோல் பெட்டி மறந்திருக்கக்கூடும். வண்டியோடு வந்த கையேட்டிலோ கம்பெனி சர்வீஸ் முறையிலோ சொன்னபடி மறுபடி பழக்கினால் சில சமயம் அதிலேயே சரியாகிவிடும்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால், சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும். ஏர்பேக் உள்ள கார் என்றால் அதன் பிறகு சில நிமிடம் பொறுத்தே டேஷ்போர்டில் கை வைக்க வேண்டும். பல வண்டிகளில் ஆக்சுவேட்டர் இரண்டு மூன்று திருகுகளிலும் ஒரு வயர் கனெக்டரிலும் நிற்கிறது. கழற்றியதும் செய்ய வேண்டிய முக்கியமான காரியம், கதவின் தண்டைக் கையால் திருப்பிப் பார்ப்பது. எல்லைக்கு எல்லை தடையின்றிப் போக வேண்டும். இறுகினாலோ சிக்கினாலோ கதவில்தான் குறை இருக்கிறது. அதைப் பார்க்காமல் புதியதைப் பூட்டினால் அதன் பல்லும் உடையும். புதிய ஆக்சுவேட்டரின் தண்டைக் கையால் முறுக்கக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

உடைந்த பல்லைப் பசை வைத்து ஒட்டித் தருகிறோம் என்பார்கள். அது நிலைக்காது. உதிரி வர நாளாகும் என்றால், கதவைக் குளிர்ப் பக்கம் திருப்பி நிறுத்தி, கனெக்டரைக் கழற்றி வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் இது தற்காலிகமே. மழைக்காலத்தில் உள் கண்ணாடியில் படியும் புகைபோன்ற நீராவியை விரட்ட ஏ.சி.யும் சூடும் சேர்ந்து வேண்டும். கடலோர ஊர்களில் ஏ.சி. அதிகமாகக் குளிர்ந்து கண்ணாடியின் வெளிப்புறம் நீர் படிந்தால் சூட்டைக் கூட்டியாக வேண்டும். விடியுமுன் சந்தைக்கு ஓட்டும் நமக்கும், மேட்டுப்பாளையத்திலிருந்து மூடுபனியில் மலையேறும் அன்பர்களுக்கும் இது உயிர்ப் பிரச்சினை. ஆகவே தள்ளிப்போடக் கூடாது.

விலை பேசும்போது

உதிரியின் விலை வேறு, கூலி வேறு. சில கார்களில் கிளவ் பாக்ஸைக் கழற்றினாலே கை எட்டிவிடும். சிலவற்றில் டேஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டும். அங்கே கூலி உதிரியின் விலையைத் தாண்டும். கதவே உடைந்திருந்தால் பெரும்பாலும் கேஸையும் வெளியே எடுத்துத்தான் பெட்டியைத் திறக்க முடியும். எது என்று முன்கூட்டியே கேட்டு, தொகையை எழுதி வாங்குங்கள். உதிரி எண் போட்ட பில், உத்தரவாதம், கழற்றிய பழைய உறுப்பு ஆகிய மூன்றையும் கேட்டுப் பெறுங்கள். பழைய பெட்டியைத் திறந்து பார்த்தால் உடைந்த பல்லே சாட்சி சொல்லும்.

வரி விஷயத்திலும் ஏமாறக் கூடாது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவின்படி, நாம் சொந்தமாக ஓட்டும் சாதாரணப் பயணிகள் காரின் ரிப்பேருக்குக் கட்டும் வரியை உள்ளீட்டு வரவாக எடுக்க முடியாது. சரக்கு ஏற்றும் வண்டிக்கு அந்தத் தடை இல்லை. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு எதற்குமே வரவு கிடையாது. கார் பில்லை சரக்கு வண்டிக் கணக்கில் கலந்துவிட்டால் பின்னால் வட்டியோடு கட்ட நேரும்.

மெக்கானிக்குகள் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்பது நம் கருத்தன்று. நம் கடைக்கு வரும் வாடிக்கையாளர் கேள்வி கேட்டால் நாம் சரியாக நிறுத்துத் தருவதுபோல, கேட்கத் தெரிந்தவர் வண்டியில் அவர்களும் பார்த்துத்தான் கை வைப்பார்கள். அடுத்த முறை "கேஸ் போடணும்" என்று யாராவது சொன்னால், "அந்தக் குழாய் சில்லென்று இருக்கிறதா, தொட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று நாம் கேட்போம்.