சொல்ல வெட்கப்பட்ட கட்டி

கிறிஸ்துவுக்குள் அன்பான பங்காளர்களே,

குடும்பங்களில் எவரும் வாய்விட்டுப் பேசாத ஒரு நோயைப் பற்றி இம்முறை எழுதுகிறோம். வாசித்தபின் இம்மடலை உங்கள் வீட்டு வாலிபர்களின் கையிலும் கொடுங்கள்.

சில காலத்துக்கு முன் 24 வயது வாலிபர் ஒருவர் முதுகுவலி என்று சீட்டு வாங்கிக்கொண்டு நம் புறநோயாளர் பிரிவுக்கு வந்தார். டாக்டர் தனியே அழைத்து விசாரித்த பிறகே, எட்டு மாதமாக ஒரு பக்கத்து விரை கல்போலக் கெட்டிப்பட்டிருப்பதைச் சொன்னார். வலி இல்லாததால் அதை விரைவீக்கம் என்று நினைத்திருந்தார். வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே தாயிடம்கூடச் சொல்லவில்லை. அது விரைப் புற்றுநோய். வயிற்றின் பின்புற நெறிக்கட்டிகளுக்கும் பரவியிருந்தது. முதுகுவலிக்குக் காரணம் அதுவே.

புற்றுநோய் முதியவர்களின் நோய் என்று பலரும் எண்ணுகிறோம். இந்நோயோ 15 முதல் 40 வயதுக்கு உட்பட்டவர்களையே அதிகம் தாக்குகிறது. மேலைநாடுகளைவிட நம் நாட்டில் இது குறைவு. குழந்தைப் பருவத்தில் விரை கீழிறங்காமல் வயிற்றிலோ கவட்டியிலோ தங்கிவிட்டவர்களுக்கு ஆபத்து கூடுதல். ஆண்குழந்தைக்கு ஆறு மாதமாகியும் விரை இறங்கவில்லையானால் டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு வயதையொட்டிச் செய்யும் சிறு அறுவை சிகிச்சை பெரும் நன்மை தரும்.

நோயைக் கண்டறிவது கடினமல்ல. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கட்டியைக் காட்டும். ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். ஆகிய மூன்று இரத்தப் பரிசோதனைகள் துணைநிற்கும். இவற்றுள் பீட்டா எச்.சி.ஜி. என்பது கர்ப்பப் பரிசோதனையில் பார்க்கப்படும் அதே பொருள். சிகிச்சையில் நோய் அடங்க அடங்க, உயர்ந்திருந்த இந்த அளவுகள் இறங்கும். பாதித்த விரையைக் கவட்டி வழியாக அகற்றுவார்கள். விதைப்பையைக் கீறுவதோ ஊசி குத்திப் பார்ப்பதோ கூடாது. நோய் பரவ அது வழியாகலாம்.

பரவிய நோய்க்கு ஒரு காலத்தில் மருந்தில்லை. 1965இல் அமெரிக்க விஞ்ஞானி பார்னெட் ரோசன்பர்க், பிளாட்டின மின்முனைகளுக்கு நடுவில் கிருமிகள் பெருகாமல் நின்றுபோவதைக் கண்டார். அதிலிருந்து பிறந்ததே சிஸ்பிளாட்டின் மருந்து. 1974இல் இந்தியானா பல்கலைக்கழகத்தின் டாக்டர் லாரன்ஸ் ஐன்ஹார்ன், மரணத்தறுவாயிலிருந்த ஒரு மாணவருக்கு வேறு இரு மருந்துகளோடு சேர்த்து அதைக் கொடுத்தார். அம்மாணவர் குணமடைந்து, பின்னாளில் பள்ளி ஆசிரியரானார். அதற்கு முன் நோய் பரவியவர்களில் பத்தில் ஒருவர் பிழைப்பதே அரிது. இன்று ஏறக்குறைய எட்டுப் பேர் குணமடைகிறார்கள். ஆரம்பத்திலேயே வந்தால் அநேகமாக எல்லாருமே பிழைக்கிறார்கள். இம்மருந்துக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம்.

இனி, நம் வார்டில் இரவு நேரங்களில் தாழ்ந்த குரலில் கேட்கப்படும் கேள்விகளுக்கு வருகிறோம்.

"இது என் பாவத்துக்குத் தண்டனையா?" இல்லை. ஒழுக்கத்துக்கும் இந்நோய்க்கும் சம்பந்தமில்லை, இது ஒட்டிக்கொள்வதுமில்லை.

"நான் இனி ஆண்மகனா?" ஆம். மீந்திருக்கும் ஒரு விரையே பெரும்பாலானவர்களுக்குப் போதும். தாம்பத்திய வாழ்வு நடக்கும்.

"குழந்தை பிறக்குமா?" அநேகருக்குப் பிறக்கிறது. ஆனாலும் மருந்து தொடங்குமுன் விந்தணுவை உறையவைத்துச் சேமிப்பது நல்லது. பின்னர் கேட்டால் காலம் கடந்திருக்கலாம்.

"யாரிடம் சொல்வது?" நம்பத்தக்க ஒருவரிடமாவது சொல்லுங்கள் என்கிறோம். இரகசியமாய்ச் சுமக்கிறவன் இருமடங்கு சுமக்கிறான். இந்த வாலிபர் முதலில் தம் தாய்மாமனிடம் சொன்னார். மாமா தாயிடம் சொன்னார். பெண் வீட்டாரிடம் மறைக்காமல் பேசி, சம்பந்தத்தைத் தள்ளிவைத்தார்கள். அன்றிரவுதான் நன்றாய்த் தூங்கியதாக அவர் நம் போதகரிடம் சொன்னார்.

மருந்துச் சுற்று 21 நாளுக்கு ஒருமுறை வரும். மூன்று அல்லது நான்கு சுற்றுகள். முடி உதிரும், வாந்தி வரும், காதில் இரைச்சல் கேட்கும். சிறுநீரகத்தைக் காக்க அதிக சலைன் ஏற்ற வேண்டும். எங்களுக்குப் பெரும் கவலை இரண்டாம் சுற்றுக்குப் பிறகே. வலி நின்றுவிடும், கையில் காசும் தீர்ந்துவிடும், கூலி வேலைக்குத் திரும்பிவிடத் தோன்றும். இடையில் நிறுத்தினால், குணமாகக்கூடிய நோய் கைமீறிப் போகலாம். உங்கள் காணிக்கை இங்கேதான் உயிர் காக்கிறது. பேருந்துக் கட்டணம், உடன் வருகிறவருக்குச் சாப்பாடு, தங்க ஓர் அறை ஆகியவை இல்லாமல் மருந்து மட்டும் போதாது. நம் வாலிபர் நான்கு சுற்றுகளையும் முடித்தார். இரத்த அளவுகள் சரியான நிலைக்கு இறங்கியுள்ளன. இன்னும் சில வருஷம் தவறாமல் பரிசோதனைக்கு வரவேண்டும்.

கூட்டத்தில் பின்னாக வந்து, ஒருவருக்கும் தெரியாமல் இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்ட ஸ்திரீயை அறிவீர்கள். அவள் வியாதியும் வெளியே சொல்ல வெட்கப்பட்டதே. ஆண்டவர் அவளை வெட்கப்படுத்தவில்லை, சமாதானத்தோடே அனுப்பினார். நம் மருத்துவமனையின் வாசலும் அப்படியே இருக்க விரும்புகிறோம்.

ஜெபக் குறிப்புகள்: சிகிச்சையை இடையில் விட்டுச் சென்றவர்கள் திரும்பி வர, வெட்கத்தால் இன்னும் மறைத்து வைத்திருக்கும் வாலிபர்கள் வாய்திறக்க, புற்றுநோய் வார்டில் ஊழியம் செய்யும் செவிலியருக்குப் பெலன் கிடைக்க.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் மருத்துவமனை ஊழியர்கள்