மின்மோட்டார் வண்டியின் ஓட்டச் செலவு

மன்னார்த் தீவின் தென்கரையில் முப்பது காற்றாலைகள் நிற்கின்றன. 'தம்பபவனி' எனப் பெயரிய அந்நிலையம் 2020 ஆம் ஆண்டு டிசெம்பரில் தொடக்கி வைக்கப்பட்டது. அதன் கொள்ளளவு 103.5 மெகாவாற்று. தோட்டவெளி வீட்டுக்காரர் ஒருவர் மின்மோட்டார் வண்டியை வாங்க எண்ணும்போது, முற்றத்துக்கு அண்மையிற் பிறக்கும் மின்சாரம் தமக்கு மலிவாகவே கிடைக்குமென்று கருதுதல் இயல்பு. ஆனால், மின்பட்டியல் காற்றாலையின் அண்மையைக் கணக்கிற் கொள்வதில்லை. அது கேட்பது ஒன்றே: மாதத்தில் எத்தனை அலகு செலவாயிற்று என்பது.

பொறியியல் நோக்கில் மின்வண்டியின் மேன்மை ஐயத்துக்கு இடமற்றது. ஒரு லீற்றர் பெற்றோலில் அடங்கிய சத்தி ஏறக்குறைய 9 அலகு மின்சாரத்துக்குச் சமம். அந்த ஒரு லீற்றரைக் கொண்டு சிறிய கார் 15 கிலோமீற்றர் ஓடும். மின்னேற்றும்போது நேரும் இழப்பையும் சேர்த்து அலகொன்றுக்கு 5 கிலோமீற்றர் எனக் கொள்ளின், அதே 9 அலகைக் கொண்டு மின்வண்டி 45 கிலோமீற்றர் ஓடும். பெற்றோல் இயந்திரத்திற் பெரும்பங்கு சத்தி வெப்பமாக வீணே கழிவதே இவ்வேற்றுமைக்குக் காரணம். (நுரைச்சோலை அனல் நிலையத்தில் நிலக்கரியை எரிக்கையிலும் அத்தகைய கழிவு நிகழ்கின்றது, அது வண்டிக்காரனின் கண்ணுக்குத் தோன்றுவதில்லை.)

பணக் கணக்கோ வேறு. இலங்கையில் வீட்டு மின்கட்டணம் ஏணிப்படி போன்றது. மேலே ஏற ஏற ஒவ்வோர் அலகின் விலையும் உயரும். மாதம் 85 அலகு செலவிடும் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்க. அதன் வண்டி மாதத்தில் 1,000 கிலோமீற்றர் ஓடுமாயின் மேலும் 200 அலகு வேண்டும். இந்த 200 அலகும் ஏணியின் அடிப்படியில் நில்லாது, விலைமிக்க மேற்படிகளிற் சென்று விழும்.

நிசான் லீஃப் வண்டிகள் இந்நாட்டுக்கு மிகுதியாக வந்திறங்கிய 2015 ஆம் ஆண்டை நோக்குக. அன்று முதல் 60 அலகுக்கும் அலகொன்று ரூபா 7.85, அதன்மேல் 90 வரை 10.00, 120 வரை 27.75, 180 வரை 32.00, அதற்கு மேற்பட்டவை 45.00. மேற்கூறிய குடும்பத்தின் பட்டியல், நிலையான கட்டணம் நீங்கலாக, ரூபா 721 இலிருந்து ரூபா 8,248.50 ஆக உயரும். ஆகவே வண்டிக்கெனச் செலவானது ரூபா 7,527.50. அவ்வாண்டு சனவரி இறுதியில் பெற்றோல் லீற்றர் 117 ரூபாவாகக் குறைக்கப்பட்டது. சிறிய கார் ஒன்று அதே தூரத்தை ரூபா 7,800 க்கு ஓடி முடித்திருக்கும். மின்சாரம் மலிவு என்று கேள்விப்பட்டு வண்டி வாங்கியவர் மாதத்தில் மீதப்படுத்தியது முந்நூறு ரூபாவுக்கும் குறைவு. நிலையான கட்டணத்தின் உயர்வையும் கூட்டினால் அம்மீதமும் இல்லாது போகும்.

ஏழாண்டு கழிந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. 2022 ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் பெற்றோல் 470 ரூபாவைத் தொட்டது. மின்கட்டணமோ ஆகஸ்ட் வரை பழைய அளவிலேயே இருந்தது. 1,000 கிலோமீற்றருக்குப் பெற்றோலுக்கு ரூபா 31,000 க்கு மேல். மின்சாரத்துக்கு அதே ரூபா 7,527.50. அன்றியும் பணமிருந்தும் பெற்றோல் கிடைத்திலது. வரிசையில் இரவைக் கழித்தோர் பலர். பின்னர் வந்த கியூ.ஆர். பங்கீட்டில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றரே தொடக்கத்தில் அளிக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை நீண்டமையையும் மறத்தலாகாது.

2025 ஜூன் கட்டணப்படி மேற்படியின் விலை 61 ரூபா. அதற்குக் கீழுள்ள படி 41 ரூபா. அக்குடும்பத்தின் வண்டிச் செலவு ஏறத்தாழ ரூபா 9,680 ஆகும். கிலோமீற்றருக்குப் பத்து ரூபாவுக்குச் சற்றுக் குறைவு. அவ்வாண்டு பெற்றோல் 300 ரூபாவை ஒட்டி நின்றது. சிறிய காருக்குக் கிலோமீற்றருக்கு 20 ரூபா. வீடு முன்னரே 180 அலகைத் தாண்டியிருப்பின் மின்வண்டிக்கு 12.20 ரூபா செல்லும். லீற்றருக்கு 20 கிலோமீற்றர் ஓடும் கலப்பின வண்டியின் செலவு 15 ரூபா. அத்தகைய வீட்டில் இவ்விரண்டுக்குமிடையே பெரிய வேற்றுமை இல்லை.

தோட்டவெளியிற் பலருக்குக் கார் என்பதே பேச்சன்று. அவர்களின் வாகனம் மோட்டார் சைக்கிள். லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் அது, 300 ரூபா விலையிலும் கிலோமீற்றருக்கு ஏழு ரூபாவுக்குள் அடங்கும். நான்கு சக்கர மின்வண்டி எதுவும் மேற்படிக் கட்டணத்தில் அதனோடு போட்டியிட இயலாது.

மின்கலத்தின் தேய்வும் செலவே. 24 அலகு கொள்ளும் முதற்றலைமுறை லீஃப் புதிதாயிருந்தபோது ஒரு மின்னேற்றத்துக்கு 117 கிலோமீற்றர் ஓடுமென அமெரிக்க அளவீடு கூறிற்று. அதன் மின்கலத்தைக் குளிர்விக்கத் தனிப் பொறி இல்லை. வெப்பத்தில் அது விரைந்து தேயும். மன்னாரின் வெயிலை அறிந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. வவுனியா மன்னார் நகரிலிருந்தே ஏறக்குறைய 80 கிலோமீற்றர். பழைய லீஃப் ஒன்றில் அங்கு செல்வோர், இடையே மின்னேற்றாது வீடு திரும்ப முடியாது.

செலவைப் பெரிதும் குறைக்கும் வழி நேரக் கட்டணமாகும். 2015 இல் வீடுகளுக்கு அது வந்தபோது, இரவு 10.30 முதல் காலை 5.30 வரை அலகொன்று 13 ரூபா, மாலை 6.30 முதல் 10.30 வரை 54 ரூபா. இரவில் மட்டும் மின்னேற்றியிருப்பின் முற்கூறிய 200 அலகுக்கும் ரூபா 2,600 போதும். ஏணிப்படியிற் சென்ற ரூபா 7,527.50 இல் அது மூன்றிலொரு பங்களவே. வீட்டின் ஏனைய பாவனையும் அக்கணக்கிலேயே சேருமாதலின், மாலையில் விளக்கெரிப்பதும் சமைப்பதும் விலையேறும் என்பது ஒரு தடை. மும்முனை இணைப்பு வேண்டுமென்பது மற்றொன்று. கிராமத்து வீடுகளிற் பெரும்பாலானவை ஒருமுனை இணைப்புடையவை. மே தொடக்கம் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று தீவின்மேல் வீசும். ஊர் துயிலும் வேளையிலும் காற்றாலைகள் சுழலும். நாளொன்றுக்கு 40 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு வேண்டிய 8 அலகை 3.3 கிலோவாற்றுக் கருவி இரண்டரை மணி நேரத்தில் ஏற்றிவிடும்.