வேனுக்குக் கூடாரம் வாங்குகிறீர்களா? சாயத்தையும் கவனியுங்கள்

செடெனாக் - வேனில் மெத்தையும் அடுப்பும் ஏற்றிக்கொண்டு தைப்பூசத்துக்குப் பத்துமலை வரை செல்லும் குடும்பங்களுக்குப் பக்கவாட்டில் இழுத்துக் கட்டும் கூடாரம் பெரிய உதவி. ஆனால், நிழலுக்காக வாங்கிய கூடாரமே வேனின் சாயத்தைக் கெடுத்துவிடுவதும் உண்டு.

சாயத்தைக் கீறுவது பெரும்பாலும் துணியல்ல, இடையில் சிக்கும் தூசிதான். செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் ஓடும் வேனில் தூசி படியாமல் இராது. காற்றில் துணி அடித்துக்கொள்ளும்போது அது உப்புத்தாள் போலத் தேய்க்கும். முதலில் மங்குவது சாயத்தின் மேலுள்ள நிறமற்ற மெல்லிய பூச்சு. அது போய்விட்டால், வெயில் நேராக நிறத்தைத் தின்னும். மறுபடி சாயம் அடிக்கும் செலவோடு ஒப்பிட்டால் கூடாரத்தின் விலை பெரிதல்ல.

ஆகவே, விலை கேட்கும் முன் அது வேனில் எப்படிப் பிடிக்கிறது என்று பாருங்கள். காந்தம் சுலபம்தான்; ஆனால், அடியில் ஒரு மணல் துகள் இருந்தாலும் கோடு விழும். உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர், வெயிலில் வட்டத் தழும்பு விடலாம். கூரைக் கம்பியில் பூட்டும் வகையே நல்லது. நிரந்தரமாகப் பொருத்துவதானால் ஜேபிஜே விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிவிசி பூசிய துணி மழையைத் தாங்கும், ஆனால் காற்றை விடாது. ஜொகூரில் மாலை மழை வழக்கம். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். வீடு திரும்பியதும் விரித்துக் காயவிடுங்கள். கட்டும்போது ஒரு காலைத் தாழ்த்தி வைத்தால் தண்ணீர் தேங்காது.