பல்கலைக்கழக வாயிலில் கேட்கும் பத்திரம்

ஓகஸ்ட் மாதத்தில் ஏ-லெவல் பெறுபேறுகள் வரும் வாரம், இங்கிலாந்தின் கோயில்களில் பிள்ளைகளின் பெயருக்கு அர்ச்சனை செய்விப்போர் தொகை கூடிவிடும். நல்ல புள்ளிகள் வந்த பின்னும் கவலை தீராத வீடுகள் சில உண்டு. அங்கே தடையாக நிற்பது படிப்பன்று, வதிவிடப் பத்திரம்.

1998இல் ஆயிரம் பவுணாகத் தொடங்கிய பல்கலைக்கழகக் கட்டணம் 2012இல் ஒன்பதாயிரமாகி, 2025-26 கல்வியாண்டில் 9,535 பவுணாயிற்று. இதற்கு அரசாங்கக் கடன் உண்டு. பிள்ளை உழைக்கத் தொடங்கி, வருமானம் குறித்த அளவைத் தாண்டிய பின்னரே திருப்பிக் கட்டவேண்டும். பெற்றோரின் வீட்டையோ நகையையோ எவரும் ஈடு கேட்பதில்லை. கடன் என்ற சொல்லுக்கே அஞ்சும் நம்மவர் இதை அறிவது நன்று.

ஆனால் 'வெளிநாட்டு மாணவர்' என்று கணிக்கப்பட்டால் இக்கடன் இல்லை. கட்டணமும் பல பாடங்களுக்கு இருபதாயிரம் பவுணுக்கு மேல். ஐந்து வயதில் வந்து இங்கேயே அரிச்சுவடி தொடங்கிய பிள்ளைக்கும் இப்பெயர் சூட்டப்படுவது விந்தையே.

இதனை நீதிமன்றம் வரை கொண்டு சென்றவர், சாம்பியாவில் பிறந்து ஆறு வயதில் இங்கு வந்த பியூரிஷ் டிகேரே என்னும் மாணவி. நிரந்தர வதிவுரிமை இல்லை என்ற ஒரே காரணத்தால் இத்தகையோருக்குக் கடனை மறுப்பது முறையன்று என 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் மூவர் அவர் பக்கம் நின்றனர். அதன்பின் விதி மாறியது. 18 வயதுக்குட்பட்டோர் ஏழு ஆண்டுகளும், அதற்கு மேற்பட்டோர் தம் வாழ்நாளில் பாதியோ 20 ஆண்டுகளோ இங்கு வாழ்ந்திருந்தால் கடன் பெறலாம். கடைசி மூன்று ஆண்டுகள் மட்டும் சட்டபூர்வமான அனுமதியுடன் வாழ்ந்தவையாக இருத்தல் வேண்டும்.

அகதியாக ஏற்கப்பட்டவருக்கு இந்த ஆண்டுக் கணக்கு இல்லை. தஞ்சக் கோரிக்கைக்கு முடிவு வராதவர் நிலைதான் கடினம். அவர்களுக்கெனச் சில பல்கலைக்கழகங்கள் புலமைப்பரிசில் வழங்குகின்றன.

பலர் இடறுவது அந்த மூன்று ஆண்டில்தான். வதிவிட அனுமதி காலாவதியாகுமுன் புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டால் தொடர்ச்சி அறாது, பிந்தினால் அறுந்துவிடும். இலையுதிர்காலத்தில் தொடங்கும் பாடங்களுக்குச் செப்டெம்பர் 1ஆம் திகதியே கணக்கு. சில வாரங்கள் குறைந்தாலும் பிள்ளை ஓராண்டு காத்திருக்க நேரும். ஆகவே, பதினோராம் வகுப்பிலேயே வீட்டிலுள்ள பத்திரங்களின் திகதிகளைப் பார்த்து, ஐயமிருப்பின் தகுதி பெற்ற குடிவரவு ஆலோசகரிடம் காட்டிவிடுவது நலம்.