யந்திர உபாத்தியாயர் – 5: பென்னி போட்ட கணக்கு

ஹார்வர்டு சர்வகலாசாலையின் மனோதத்துவப் பேராசிரியர் ஸ்கின்னர், 1953-இல் தம் மகளின் வகுப்பைப் பார்க்கப் போனபோது, கணக்கை முடித்துவிட்ட பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் திணற, எழுதிய விடை சரிதானா என்பது எவருக்கும் உடனே தெரியாதிருந்ததைக் கண்டு, ஒவ்வொரு குழந்தையும் தன் கதியிலேயே முன்னேறுவதற்கான யந்திரமொன்றைச் செய்ய முனைந்தார் என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். ஆசை நியாயமானதே. ஆயினும் குழந்தையின் வேகத்தை அளக்கும் முறைக்கு அதன் புத்தி செல்லும் மார்க்கம் புலப்படுமா என்ற சந்தேகத்தைக் கிளப்பிவிட்டவன், பென்னி என்ற 12 வயது அமெரிக்கச் சிறுவன்.

1960-களில் பிட்ஸ்பர்க் சர்வகலாசாலையில் உருவான தனிப்பயிற்சி முறையில், மாணவன் தனக்கென விதிக்கப்பட்ட ஏடுகளைத் தானே படித்து, பரீட்சையில் நூற்றுக்கு 80 வாங்கியதும் அடுத்த படிக்குப் போவான்; திரை ஒன்று இல்லையே தவிர, இன்றைய கல்விச் செயலிகள் பலவற்றின் தர்க்கம் அதுவேதான். அதில் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்திருந்த பென்னியிடம் ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார். 2/10 என்ற பின்னத்தைத் தசமத்தில் எழுதச் சொன்னால், பையன் இரண்டையும் பத்தையும் கூட்டி, நடுவே புள்ளி வைத்து, 1.2 என்றான், 4/11-க்கும் 11/4-க்கும் ஒரே விடையாக 1.5 என்றான். விடைக்குறிப்போடு ஒவ்வாதபோது, தன் விடையும் சரிதான், அதிலுள்ள வடிவம்தான் வேறு என்று எண்ணி, அதை ஊகித்து மாற்றி எழுதியே அவன் படியேறி வந்திருந்தான். 1973-இல் இவ்விவரம் வெளியாயிற்று. மதிப்பெண்ணில் குறையே தெரியவில்லை, ‘எப்படியப்பா போட்டாய்?’ என்று ஒரு மனிதர் கேட்ட பிறகே விபரீதம் வெளிப்பட்டது.

இதனால் யந்திரமே ஆகாது என்று தள்ளிவிடுவதும் விவேகமன்று. 2015-இல் டில்லியில் கார்த்திக் முரளிதரன் முதலிய பொருளாதார அறிஞர்கள் மைண்ட்ஸ்பார்க் என்ற கணினிப் பாடமுறையைப் பரீட்சித்தபோது, ஆறாம் வகுப்பு மாணவர்கள் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். பள்ளிப் பாடத்தை மட்டும் நம்பியிருந்தவர்களில் கடைசி வரிசையினர் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்க, பள்ளி நேரத்துக்குப் பின் மையத்துக்கு வந்தவர்களோ, பின்தங்கியவர்கள் உட்பட, நாலரை மாதத்தில் நன்றாக அபிவிருத்தி அடைந்தார்கள். அங்கே 45 நிமிஷம் கணினி என்றால், இன்னொரு 45 நிமிஷம் சிறு குழுவாக அமர்ந்து உதவி ஆசிரியரிடம் பாடம் என்பதையும் மறந்துவிடலாகாது.

ஆகவே, தம் பள்ளிக்குக் கைக்கணினி வாங்கப் புறப்படும் நிர்வாகிகளும், அதற்குக் கட்டணம் செலுத்தும் பெற்றோரும், விற்க வந்தவரிடம் ஒரே ஒரு கேள்வியைத் தயங்காமல் கேட்கட்டும்: திருத்தும் வேலையை யந்திரம் ஏற்றுக்கொள்வதால் உபாத்தியாயருக்கு மிச்சமாகும் பொழுதில், ஒவ்வொரு குழந்தையின் அருகிலும் அவர் எவ்வளவு நேரம் உட்காரப்போகிறார்? இதற்குப் பதில் கிடைக்காத பள்ளியில் அந்தச் செலவு வீண்.