பின்சக்கர டயருக்கு எவ்வளவு அகலம் போதும்?

1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு நிறுவனம் மஸ்டாங் காரை அறிமுகப்படுத்தியது. நீண்ட முன்பகுதி, குட்டையான பின்பகுதி, அதற்கேற்ற அகலமான பின் மட்கார்டு என்று அதன் உருவம் கம்பீரமானது. ஆனால் அன்றைய அமெரிக்க வழக்கப்படி அதில் மாட்டப்பட்டவை ஒல்லியான டயர்கள். 1965 மாடலில் பரவலாக இருந்தது 6.95-14 அளவு, அதாவது டயரின் அகலம் ஏறத்தாழ 7 அங்குலம், ரிம்மின் விட்டம் 14 அங்குலம். இன்று அந்தக் காரைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கிறவர்களுக்குப் பின் மட்கார்டுக்குள் தெரியும் வெற்றிடம் கண்ணை உறுத்துகிறது. அதை நிரப்ப அகல டயர் தேடுகிறார்கள், இடம் போதாவிட்டால் தகட்டை மடக்குகிறார்கள், அதுவும் போதாவிட்டால் வெட்டுகிறார்கள். பழைய காருக்கு நவீன டயர் தேவை என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் பிடிமானத்தில் கிடைக்கும் பெரும் ஆதாயம் டயரின் கட்டமைப்பிலிருந்தும் ரப்பரின் தரத்திலிருந்தும் வருகிறது, அகலத்தின் பங்கு அதற்கு அடுத்ததுதான். எனவே தகட்டில் கைவைக்காமல் உள்ளே அடங்கும் அளவே அந்தக் காருக்குச் சரியான அளவு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஓட்டுநரோடு சேர்த்து வண்டியின் எடையைச் சுமார் 1,400 கிலோ என்று வைத்துக்கொண்டால், பின்சக்கரம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 300 கிலோவைத் தாங்கும். டயரில் 30 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், அது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.1 கிலோ அழுத்தம். 300-ஐ 2.1-ஆல் வகுத்தால் வருவது ஏறத்தாழ 140 சதுர சென்டிமீட்டர். டயர் தரையைத் தொடும் தடத்தின் பரப்பு அவ்வளவுதான், ஒரு போஸ்ட்கார்டைவிடச் சற்றே பெரியது. தடத்தின் அகலம் 14 செ.மீ. என்றால் நீளம் 10 செ.மீ. இருக்கும். டயரை மாற்றி அகலத்தை 18 செ.மீ. ஆக்கினால் நீளம் 8 செ.மீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். டயரின் பக்கச்சுவர் தரும் விறைப்பால் இந்த எண்கள் கொஞ்சம் முன்பின் ஆகலாம். ஆனால் எடையும் காற்றழுத்தமும் மாறாதவரை தடத்தின் பரப்பு பெரிதாக மாறாது, மாறுவது வடிவம்தான். அகல டயர் போட்டால் தரையில் அதிக ரப்பர் படும் என்ற பரவலான நம்பிக்கை இந்த இடத்திலேயே ஆட்டம் காண்கிறது.

அப்படியானால் பந்தயக் கார்களுக்கு அகல டயர் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. தடம் குட்டையாகவும் அகலமாகவும் இருந்தால், வளைவில் திரும்பும்போது டயர் குறைவாக முறுக்கிக்கொண்டு பக்கவாட்டு விசையைச் சீக்கிரம் தருகிறது. உரசலில் பிறக்கும் வெப்பம் அதிக ரப்பரில் பரவுவதால், சீக்கிரம் தேயக்கூடிய மென்மையான கலவையையும் பயன்படுத்த முடிகிறது. காற்றழுத்தத்தைக் குறைத்து ஓட்டவும் வழி உண்டு, அப்போது பரப்பே கூடும். இவை உண்மையான ஆதாயங்கள். ஆனால் இவை முழுதாகக் கைகூடுவது வெப்பம் ஏறும் வேகத்தில், உலர்ந்த பந்தயப் பாதையில். மழை பெய்த நெடுஞ்சாலையில் கதை வேறு. டயர் தண்ணீர்மேல் மிதந்து பிடியிழக்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று 1960-களில் நாசா ஆய்வாளர் வால்டர் ஹோர்ன், விமான டயர்களை வைத்துக் காட்டினார். அந்தச் சூத்திரப்படி, சாலையில் ஆழமாகத் தண்ணீர் நிற்கும்போது 30 பி.எஸ்.ஐ. காற்றுள்ள டயர் மணிக்குச் சுமார் 91 கி.மீ. வேகத்தில் மிதக்கத் தொடங்கும். காற்றை 24-க்கு இறக்கினால் அந்த எல்லை 82 கி.மீ. ஆகிவிடும். தடம் அகன்று குட்டையானால் ஒதுக்க வேண்டிய தண்ணீர் கூடுகிறது, ஒதுக்கக் கிடைக்கும் நேரமோ குறைகிறது.

இதோடு ஒப்பிட்டால் ரேடியல் டயர் தந்த முன்னேற்றம் மிகப் பெரியது. மஸ்டாங் பிறந்தபோது மாட்டப்பட்டவை நூலடுக்குகள் குறுக்கும் மறுக்குமாக ஓடும் பழைய வகை டயர்கள். பக்கச்சுவர் வளையும்போதெல்லாம் தரையைத் தொடும் பகுதியும் சேர்ந்து நெளியும். பிரான்ஸின் மிஷெலின் 1946-இல் காப்புரிமை பெற்ற ரேடியல் டயரில் பக்கச்சுவரும் தரைப் பகுதியும் தனித்தனியே வேலை செய்கின்றன. இரும்புப் பட்டி தரைப் பகுதியைத் தட்டையாகப் பிடித்துவைக்கிறது. இருந்தும் அமெரிக்கக் கார் ஒன்று ரேடியலையே வழக்கமான டயராகக் கொண்டு தொழிற்சாலையிலிருந்து வெளிவர 1970 மாடல் லிங்கன் கான்டினென்டல் மார்க் 3 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே பழைய மஸ்டாங்குக்கு அதே அளவில் நல்ல ரேடியல் மாட்டினாலே பிரேக்கிலும் வளைவிலும் வித்தியாசம் தெரிந்துவிடும். அதற்கு மட்கார்டைத் தொடவே வேண்டாம்.

பின்சக்கரத்தை மட்டும் அகலமாக்குவதில் இன்னொரு சிக்கல், சமநிலை. ‘போர்ஷே செய்ததைத்தானே நாங்களும் செய்கிறோம்’ என்று வாதிடுவார்கள். 1973 மாடல் போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7 காரில் முன்னால் 6 அங்குல ரிம்மில் 185/70 டயரும், பின்னால் 7 அங்குல ரிம்மில் 215/60 டயரும் இருந்தன. அதற்காகவே பின் மட்கார்டைப் புடைத்து அமைத்தார்கள். ஆனால் அந்தக் காரின் எஞ்சின் பின் ஆக்ஸிலுக்கும் பின்னால் தொங்குகிறது. எடை பின்னால் குவிந்திருப்பதால், வளைவில் பின்பக்கம் சுழன்று வெளியே வரப் பார்க்கும். அதைப் பிடித்துநிறுத்தத்தான் அகலமான பின் டயர். மஸ்டாங்கில் எஞ்சின் முன்னால் இருக்கிறது, எடையில் பாதிக்குமேல் முன்சக்கரங்களில் விழுகிறது. வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் முன்பக்கம் நேராக வழுக்கிக்கொண்டு போவதுதான் அதன் இயல்பு. இதில் பின்பக்கப் பிடியை மட்டும் கூட்டினால் அந்தக் குணம் இன்னும் மோசமாகும். போர்ஷேவுக்கு மருந்தானது மஸ்டாங்குக்கு நோயைக் கூட்டும்.

சரி, மிதமான அகலம் போதும் என்று முடிவெடுத்தவர் என்ன செய்ய வேண்டும்? அளவெடுக்க வேண்டும். 195/75 ஆர்14 டயரின் வெளிவிட்டம் கணக்குப்படி 648 மி.மீ., 225/60 ஆர்15 டயருக்கு 651 மி.மீ. உயரம் ஏறக்குறைய அதேதான், வேகமானியும் பிசகாது. அகலம் 30 மி.மீ. கூடுகிறது, ரிம்மின் நடுக்கோடு மாறாவிட்டால் உள்ளே 15, வெளியே 15. ஆனால் டயரில் பொறித்த அகலம் குறிப்பிட்ட ரிம்முக்கு உரியது. ரிம் அரை அங்குலம் அகன்றால் டயரும் சுமார் 5 மி.மீ. விரியும். அடுத்தது ரிம் எங்கே உட்காருகிறது என்பது. 7 அங்குல ரிம்மின் விளிம்புகளையும் சேர்த்தால் மொத்தம் 8 அங்குலம். போல்ட் போடும் முகத்திலிருந்து உள்விளிம்பு வரை 4 அங்குலம் இருந்தால் ரிம் நடுவில் நிற்கிறது, நாலேகால் இருந்தால் 6 மி.மீ. உள்ளே தள்ளி நிற்கிறது. இந்த 6 மி.மீட்டர்தான் டயர் மட்கார்டில் உரசுமா உரசாதா என்பதைத் தீர்மானிக்கிறது.

வண்டியை ஜாக்கியில் தூக்கிவைத்து எடுத்த அளவை நம்பக் கூடாது. சக்கரம் தரையில், எடை ஸ்பிரிங்மேல் இருக்கும்போது, இடது வலது இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். ஐம்பது அறுபது வருடம் ஓடிய காரில் இரு பக்கமும் சில மில்லிமீட்டர் மாறியிருப்பது சகஜம். ஓட்டத்தில் நடப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மஸ்டாங்கின் பின் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடித்திருப்பவை லீஃப் ஸ்பிரிங்குகளும் அவற்றின் ரப்பர் புஷ்களும்தான். கார் இடதுபக்கம் திரும்பினால் உடல் வலதுபக்கம் நகரும், புஷ்கள் நசுங்கும். அப்போது இடது டயர் மட்கார்டு விளிம்பையும், வலது டயர் லீஃப் ஸ்பிரிங்கையும் நெருங்கும். நிற்கும்போது விரல் நுழையும் இடைவெளி, ஆள் ஏறிய வண்டி வளைவில் ஒரு பள்ளத்தில் விழும்போது காணாமல்போகலாம். இடம் போதவில்லை என்று ஸ்பேசர் வைத்து ரிம்மை வெளியே தள்ளினால், வீல் பேரிங்கின்மேல் நெம்புவிசை கூடுகிறது.

மட்கார்டு விளிம்பை மடக்கினால் போகிறது என்பது டிங்கரிங் வேலை தெரிந்தவர்கள் சொல்லும் பதில். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அந்த விளிம்பில் வெளித்தகடும் சக்கரக் கூண்டின் உள்தகடும் சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. பெயின்டைச் சூடாக்காமல் உருளையை ஓட்டினால் பெயின்ட் வெடிக்கும், இணைப்பு லேசாகத் திறக்கும், சக்கரம் வாரியடிக்கும் தண்ணீரும் சேறும் அங்கே தங்கும். பின்சக்கர வளைவு துருப்பிடிப்பது அந்தக் காலக் கார்களுக்கு ஏற்கெனவே உள்ள நோய். உள்பக்கக் கூண்டை வெட்டி அகலப்படுத்துவதும், லீஃப் ஸ்பிரிங்கை உள்ளே நகர்த்துவதும் இதைவிடப் பெரிய அறுவை. வெட்டிய பிறகு பழைய உடலைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

‘ஃபோர்டு நிறுவனமே அகல டயர் போட்டதே’ என்பது கடைசி வாதம். போட்டது உண்மை. 1969 மஸ்டாங் பாஸ் 302-இல் 7 அங்குல ரிம்மில் எஃப்60-15 டயர்கள் வந்தன. ஆனால் நான்கு சக்கரத்திலும் ஒரே அளவு. அந்த டயர்கள் தந்த கூடுதல் விசையைத் தாங்க, முன் ஷாக் அப்சார்பர் பொருந்தும் தகட்டுக் கோபுரத்தையும் நிறுவனம் வலுப்படுத்த வேண்டியிருந்தது. டயரை மாற்றினால் காரின் மற்ற பாகங்களும் அதற்கேற்ப மாற வேண்டும் என்பதை அந்த நிறுவனத்தின் பொறியாளர்களே ஒப்புக்கொண்டதற்கு இது சான்று. நேர்ப்பாதைப் பந்தயத்துக்கு மட்டும் ஓடும் வண்டிக்கு மாபெரும் பின் டயர் பொருந்தும், ஏனென்றால் அது வளைவில் திரும்புவதே இல்லை. அழகுக்காகப் போடுகிறேன் என்பவரின் விருப்பத்தையும் நான் குறை சொல்லவில்லை. அழகும் பழைய காரின் உயிர்தான். ஆனால் மடக்காத, வெட்டாத மட்கார்டுக்குள் அளவாக உட்கார்ந்த டயரிலும் அந்த அழகு இருக்கிறது.

எனவே பழைய காரை வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். முதலில் டயரின் பக்கச்சுவரில் பொறித்த நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் தயாரான வாரம், அடுத்த இரண்டும் வருடம். கெட்டிப்பட்ட பழைய ரப்பரைக் கழற்றிவிட்டு, நான்கு சக்கரத்துக்கும் ஒரே தரத்தில் புதிய ரேடியல் வாங்குங்கள். லீஃப் ஸ்பிரிங் புஷ்களை மாற்றுங்கள். அதன் பிறகும் அகலம் வேண்டுமென்றால் அளவுகோலை எடுத்து, இடம் இருக்கும் அளவுக்கு மட்டும் கூட்டுங்கள். தகட்டை வெட்டும் கருவியைக் கையில் எடுக்காதீர்கள்.