துளையைச் சுற்றி ஒரு பேனா

திருவள்ளூரில் பேனா உருவாவதை முதலில் மூக்குதான் கண்டுபிடிக்கும். கடைசல் இயந்திரத்தில் எபோனைட் தண்டு சுழல, உளி பட்ட இடத்தில் கந்தக வாடை எழும். ரப்பரோடு கந்தகத்தைத் தாராளமாகக் கலந்து சூடாக்கி இறுக்கிய பொருள் அது. 1851இல் நெல்சன் குட்இயர் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை வாங்கினார். எம்.எஸ். பாண்டுரங்கன் தொடங்கிய ரங்கா பேனாக்கள் இந்த ஊரிலிருந்துதான் வெளிநாடுகளுக்கும் போகின்றன. தண்டைத் துளைப்பது, மரை வெட்டுவது, மெருகேற்றுவது என்பதுதான் இந்த வேலையின் போக்கு.

குழாய்மேல் ரெசின் வார்ப்பவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். துளை முதலில், உடல் பிறகு.

அவர்கள் கையில் எடுப்பது விரல் நீளப் பித்தளைக் குழாய். உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, வண்ணம் பூசுகிறார்கள். தெளிந்த ரெசின் எதையும் மறைக்காது. பூச்சு விட்டுப்போன இடத்தில் பித்தளை பல்லிளிக்கும். பூச்சின்மேல் அஞ்சல் தலை, செப்புக் கம்பி, பழைய கைக்கடிகாரத்தின் பல்சக்கரம் என்று எதையும் ஒட்டலாம். பூ வைப்பதானால் சருகாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரம் வார்ப்பைக் கெடுத்துவிடும். குழாயின் இரு வாயையும் அடைத்து, சிலிகான் அச்சில் படுக்க வைத்து, ஹார்டனர் கலந்த ரெசினை ஊற்றுகிறார்கள்.

இங்கேதான் குமிழி எதிரியாகிறது. கலக்கும்போதே காற்று புகுந்துவிடும். அதனால் அச்சை அப்படியே அழுத்தக் கலனில் வைத்து, கம்ப்ரஸரால் சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு வரை காற்றை ஏற்றுவார்கள். குமிழியின் கொள்ளளவு ஐந்தில் ஒன்றாகச் சுருங்கும். அந்த நிலையிலேயே ரெசின் இறுகிவிட்டால் பொடிக் குமிழிகள் கண்ணுக்குப் படாது. இறுகும்முன் மூடியைத் திறந்தால் போச்சு, அத்தனையும் மறுபடி உப்பிக்கொள்ளும்.

பாலியூரித்தேன் ரெசினுக்கு ஈரக்காற்றே ஆகாது. நீரோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை வெளிவிட்டு நுரைக்கும். பழவேற்காட்டு ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் கும்மிடிப்பூண்டியில், ஐப்பசி அடைமழையில் டப்பாவைத் திறந்துவைப்பது காசைக் கரைப்பதற்குச் சமம். எபாக்ஸி இந்த விஷயத்தில் சாது, ஆனால் இறுக ஒரு நாளாவது கேட்கும். வேடிக்கை என்னவென்றால், பாலியூரித்தேனுக்கு வேண்டிய பாலியால் முன்பு திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த மணலியிலேயே தயாராகிறது.

எபோனைட் பேனாவின் உடலிலேயே நேராக மை ஊற்றிக்கொள்ளலாம். பித்தளைக் குழாயில் அது நடக்காது, மை உலோகத்தை அரித்துவிடும். ஆகவே இந்த வார்ப்பு பெரும்பாலும் ரீஃபில் போடும் பேனாக்களுக்கே போகிறது.

இறுகிய கட்டியை லேத்தில் மாட்டினால் ரெசின் நாடா நாடாவாக உரியும். இரு முனைகளையும் மட்டம் செய்யும்போதுதான் கை நிதானமாக வேண்டும். ரெசின் விலகி, பித்தளை மெல்லிய வளையமாக மின்னியதும் உளியை எடுத்துவிடுகிறார்கள்.